சென்னைக்கு நான்கு மணி நேரம், வீட்டுக்கு எத்தனை மணி நேரம்?

சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குப் போகும் ஒரு பயணச்சீட்டை எடுத்துக்கொள்வோம். புறப்பாடு மாலை 6.30 மணி, சென்று சேர்வது இரவு 8.10 மணி என்று அச்சிட்டிருக்கிறது. கழித்துப் பார்த்தால் 1 மணி 40 நிமிடம்தான். திரும்பி வரும் சீட்டிலோ புறப்பாடு இரவு 11 மணி, வந்து சேர்வது மறுநாள் காலை 5.40 மணி. அதாவது 6 மணி 40 நிமிடம். வழி ஒன்றுதான், தூரமும் ஒன்றுதான். போகும்போது ஓடிவிட்ட விமானம் வரும்போது ஊர்ந்ததா என்ன?

செங்காங், பொங்கோல், ஹவ்காங் வட்டாரங்களில் ஊரோடு தொடர்பு விடாத குடும்பங்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு இந்தக் கேள்வி வேடிக்கையாகத் தோன்றும். பழகிப்போனவர்களுக்கு விடையும் தெரியும். ஆனால், ஊரிலிருந்து நள்ளிரவில் ஒரு துயரச் செய்தி வரும்போது, “எத்தனை மணிக்கு வந்து சேருவ?” என்று மறுமுனையில் கேட்பவருக்குச் சரியான பதில் சொல்ல, கடிகாரம், தூரம், காற்று, தரைவழி ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கடிகாரம் சொல்லும் பொய்

சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இலங்கைக்கும் இதே வித்தியாசம்தான். சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சாகும். எனவே போகும்போது இரண்டரை மணி நேரம் குறைந்ததுபோலவும் வரும்போது அதே அளவு கூடியதுபோலவும் தெரிகிறது.

இதைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. போகும்போது தெரிகிற நேரத்தையும் வரும்போது தெரிகிற நேரத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் போதும். 1 மணி 40 நிமிடமும் 6 மணி 40 நிமிடமும் சேர்ந்தால் 8 மணி 20 நிமிடம். அதில் பாதி 4 மணி 10 நிமிடம். ஒருவழிப் பயணத்துக்கு ஆகும் நேரம் அதுதான். கடிகார வித்தியாசம் எவ்வளவு என்று தெரியாத நாட்டுக்குப் போகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும்.

இந்த இரண்டரை மணி நேரம் எப்போதும் இருந்ததல்ல. 1982 ஜனவரி 1 முதல்தான் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை மலேசியாவுடன் சேர்ந்து அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. அதற்கு முன்பு வித்தியாசம் இரண்டு மணி நேரமாக இருந்தது. 1970களில் ஊருக்குப் போய் வந்த பெரியவர்கள் இன்றும் “ரெண்டு மணி நேரம்தான் வித்தியாசம்” என்று சொன்னால், அவர்கள் காலத்துக் கணக்கு அது.

சூரியனைக் கேட்டால் இன்னொரு கணக்குச் சொல்லும். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே தீர்க்கரேகை வித்தியாசம் ஏறத்தாழ 24 பாகை. அப்படியானால் சாங்கியில் சூரியன் உச்சிக்கு வந்த சுமார் 96 நிமிடத்தில் சென்னையிலும் உச்சிக்கு வந்துவிடும். மீதமுள்ள கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் சூரியன் தந்ததல்ல. அரசாங்கங்கள் தங்கள் வசதிக்காக வைத்துக்கொண்டது. காலை 7 மணிக்குச் செங்காங்கில் இன்னும் வெளிச்சம் முழுமையாக வராமல் இருப்பதற்கும் அதுவே காரணம்.

வானத்துக் கோடு

சாங்கிக்கும் சென்னைக்கும் இடையே நேர்த் தூரம் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். திருச்சி தெற்கே இருப்பதால் அது இன்னும் பக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் திருச்சி மேற்கே தள்ளி இருப்பதால் சென்னையைவிடச் சற்றுத் தூரம், கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர். மதுரையும் ஏறக்குறைய அதே அளவு. கோயம்புத்தூர் சுமார் 3,150 கிலோமீட்டர். கொழும்பு இவை எல்லாவற்றையும்விடப் பக்கம், சுமார் 2,750 கிலோமீட்டர்.

வரைபடத்தில் சாங்கியிலிருந்து சென்னைக்கு ஒரு நேர்கோடு போட்டால், அது மலாக்கா நீரிணையின் மேல் ஏறி, சுமத்ராவின் வட முனையைத் தொட்டு, நிக்கோபார் தீவுகளுக்கு அருகே வங்கக் கடலுக்குள் நுழைகிறது. 1025ஆம் ஆண்டு வாக்கில் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை சென்ற இடங்களை அவன் மெய்க்கீர்த்தி பட்டியலிடுகிறது. அதில் வரும் இலாமுரிதேசம் இன்றைய ஆச்சே பகுதி. மாநக்கவாரம் என்பது நிக்கோபார். சன்னலோர இருக்கையில் இருப்பவர் கீழே பார்ப்பது தமிழர்கள் ஆயிரம் ஆண்டுகளாக அறிந்த வழி.

பயணிகள் விமானம் உயரத்தில் சராசரியாக மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது என்று வைத்தால், 2,900 கிலோமீட்டரைக் கடக்க 3 மணி 25 நிமிடம் போதும். ஆனால் சீட்டில் 4 மணி 10 நிமிடம் என்றிருக்கிறது. இடையிலுள்ள முக்கால் மணி நேரம் எங்கே போகிறது?

விமான நிறுவனங்கள் நேரத்தை எண்ணத் தொடங்குவது விமானம் மேலே எழும் நொடியில் அல்ல. நிறுத்துமிடத்திலிருந்து பின்னுக்கு நகரும் நொடியில் தொடங்கி, சேரும் ஊரில் நிறுத்துமிடத்தில் போய் நிற்கும்வரை எண்ணுகிறார்கள். ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வது, முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின்னால் வரிசையில் காத்திருப்பது, மெதுவாக மேலேறுவது, இறங்குவதற்கு முன் வேகம் குறைப்பது, சில வேளை வானத்திலேயே வட்டமிடுவது எல்லாம் அதற்குள் அடங்கும். தாமதத்துக்கென்று கொஞ்சம் கூடுதல் நேரமும் சேர்த்திருப்பார்கள். “விமானம் 15 நிமிடம் முன்னதாகவே தரையிறங்கிவிட்டது” என்ற அறிவிப்பு அடிக்கடி கேட்பது அதனால்தான்.

எதிர்க்காற்று, பின்காற்று

லண்டனிலிருந்து நியூயார்க் போக ஏறக்குறைய 8 மணி நேரம். திரும்பி வர 7 மணி நேரம் போதும். அட்லாண்டிக்கின் மேலே, மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த உயர்வான் காற்று விமானத்தைத் தள்ளிக்கொண்டு வருவதே காரணம். ஐரோப்பா, அமெரிக்கா பக்கம் பயணம் செய்பவர்கள் எல்லாருக்கும் இது பழக்கம்.

நம் பாதை நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. அந்த மேற்குக் காற்று இங்கே அவ்வளவு கீழே இறங்கி வருவதில்லை. ஆனால் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, இங்கே நேர்மாறான காற்று ஒன்று வீசுகிறது. தென்னிந்தியாவின் மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்திலும் அதற்கு மேலும், கிழக்கிலிருந்து மேற்காக அது ஓடும். நடுப்பகுதியில் அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டும். தரையில் தென்மேற்குக் காற்று, தலைக்கு மேலே கிழக்குக் காற்று. இந்த வெப்பமண்டலக் கிழக்குக் காற்றோட்டத்தை 1950களில் ஆராய்ந்து உலகுக்கு விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம்.

அதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வழி முழுவதும் சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் கிழக்குக் காற்று என்று வைத்துக்கொண்டால், ஊருக்குப் போகும் விமானம் தரையோடு ஒப்பிட மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். 2,900 கிலோமீட்டருக்கு 3 மணி 13 நிமிடம். திரும்பும்போது அதே காற்று எதிரே நிற்கும், வேகம் 800 ஆகும். 3 மணி 38 நிமிடம் ஆகும். வித்தியாசம் 25 நிமிடம். ஜூன் பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போய் வருகிறவர்கள் திரும்பும் பயணம் சற்று நீண்டதாக உணர்ந்தால், அது மனச்சோர்வு மட்டும் அல்ல.

ஆனாலும் காற்று கூட்டுவதும் குறைப்பதும் நிமிடக் கணக்கில்தான். மணிக் கணக்கில் நேரத்தைத் தின்பது தரை.

செங்காங்கிலிருந்து சாங்கிவரை

செங்காங்கிலிருந்து சாங்கி விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 11 கிலோமீட்டர்தான். டாக்சி எடுத்தால் தெம்பனிஸ் விரைவுச்சாலை வழியாக, நெரிசல் இல்லாத நேரத்தில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். எம்ஆர்டியில் போனால் வடகிழக்குப் பாதையில் சிராங்கூன் வந்து, வட்டப் பாதையில் பாய லேபார் போய், கிழக்கு மேற்குப் பாதையில் தானா மேரா சென்று, அங்கே மீண்டும் ரயில் மாற வேண்டும். பெட்டிகளோடு மூன்று மாற்றம். சுமார் ஒரு மணி நேரம் ஆகும். வீட்டிலிருந்து செங்காங் நிலையம்வரை எல்ஆர்டியில் வருபவர்களுக்கு இன்னும் சற்றுக் கூடும். 4ஆம் முனையத்துக்கு எம்ஆர்டி நிலையம் இல்லை. அங்கே போக இணைப்புப் பேருந்தில் ஏற வேண்டும். எந்த முனையம் என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

தரைவழி நேரம் விமானத்தை எப்படித் தோற்கடிக்கும் என்பதற்கு ஐரோப்பாவில் நல்ல உதாரணம் உண்டு. லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 340 கிலோமீட்டர். விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். கடலடிச் சுரங்கம் வழியாகப் போகும் ரயிலுக்கு இரண்டேகால் மணி நேரத்துக்கும் சற்று மேல். இருந்தும் ஏராளமானோர் ரயிலையே விரும்புகிறார்கள். ரயில் நகரத்தின் நடுவில் ஏற்றி நகரத்தின் நடுவில் இறக்கிவிடுகிறது. விமான நிலையங்களோ இரு நகரங்களுக்கும் வெளியே. கோலாலம்பூருக்கு ஒரு மணி நேர விமானம் இருந்தும் பலர் ஐந்தாறு மணி நேரப் பேருந்தில் போவதற்குக் குறைந்த கட்டணத்தோடு இதுவும் ஒரு காரணம்.

சென்னையா, திருச்சியா?

ஊருக்குப் போகும் கணக்கில் இந்தத் தரைவழி நேரம் இன்னும் பெரிதாகிறது. செங்காங்கில் வசிக்கும் ஒருவர் தஞ்சாவூர் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

திருச்சி வழி: வீட்டிலிருந்து சாங்கி 40 நிமிடம். விமான நிலையத்தில் இரண்டரை மணி நேரம். விமானம் 4 மணி 15 நிமிடம். குடிநுழைவு, பெட்டி, சுங்கம் ஒரு மணி நேரம். அங்கிருந்து தஞ்சாவூருக்குச் சாலையில் 60 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஒன்றரை மணி நேரம் வைக்கலாம். மொத்தம் 10 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

சென்னை வழி: முதல் இரண்டும் அதேதான். விமானம் 4 மணி 10 நிமிடம். குடிநுழைவு ஒரு மணி நேரம். அங்கிருந்து தஞ்சாவூர் 340 கிலோமீட்டர், காரில் 7 மணி நேரம் பிடிக்கும். மொத்தம் 15 மணி நேரத்துக்கு மேல். பொங்கல், தீபாவளிக்கு முந்திய நாள் என்றால் தாம்பரம், செங்கல்பட்டு நெரிசலைத் தாண்டவே தனியாகப் பொறுமை வேண்டும்.

விமானத்தில் ஐந்து நிமிடம் கூடுதலான திருச்சி, வீட்டுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னதாகக் கொண்டு சேர்க்கிறது. ஆனால் திருச்சி விமானம் நினைத்த நேரத்தில் இருக்காது. சென்னைக்குச் சேவைகள் அதிகம். அவசரத்தில் கையில் கிடைப்பது பெரும்பாலும் சென்னைச் சீட்டுதான். எதை எடுப்பது?

மேலே சொன்ன கணக்கிலேயே விடை இருக்கிறது. சென்னை விமானம் புறப்பட்ட ஐந்தரை மணி நேரத்துக்குள் திருச்சிக்கு விமானம் இருந்தால், காத்திருந்து அதில் போவதே தஞ்சாவூருக்கு முந்திக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அல்லது இரண்டும் ஒன்றாகவே முடியும். உதாரணமாக, சென்னை விமானம் பின்னிரவு 2 மணி, திருச்சி விமானம் காலை 7.25 மணி என்றால், இரண்டிலும் தஞ்சாவூர் போய்ச் சேர்வது இந்திய நேரப்படி காலை 11.40 மணிக்குத்தான். அதே திருச்சி விமானம் காலை 10 மணிக்கு என்றால் சென்னை வழி இரண்டரை மணி நேரம் முந்தும். ஆனால் அதற்கு விலை, இரவெல்லாம் கண்விழித்துவிட்டு ஏழு மணி நேரம் நெடுஞ்சாலையில் போவது.

புதுக்கோட்டை, காரைக்குடி, நாகப்பட்டினம் பக்கம் போகிறவர்களும் இதேபோல் கணக்கிட்டுப் பார்க்கலாம். விழுப்புரம், திருவண்ணாமலை, வேலூர் என்றால் கணக்குச் சென்னைப் பக்கம் சாயும். இறங்கும் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டியது விமான நேரத்தைப் பார்த்தல்ல, வீட்டுவாசலைப் பார்த்து.

நள்ளிரவில் தவறும் தேதி

இந்தியாவுக்கான பல விமானங்கள் இரவு நேரத்தில் போகின்றன. 15ஆம் தேதி அதிகாலை 12.40 மணி என்று சீட்டில் இருந்தால், 14ஆம் தேதி இரவு 10 மணிக்கே சாங்கியில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நிற்பவர், விமானம் போய் ஒரு நாள் ஆகிவிட்டது என்று அங்கேதான் தெரிந்துகொள்வார். பயணப்பதிவு முகப்பும் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும்.

மறுமுனையிலும் குழப்பம் வரலாம். 14ஆம் தேதி இரவு 9.45 மணிக்குக் கிளம்பும் சென்னை விமானம், சிங்கப்பூர்க் கடிகாரப்படி 15ஆம் தேதி 1.55 மணிக்குப் போய்ச் சேரும். ஆனால் சென்னையில் அப்போது 14ஆம் தேதி இரவு 11.25 மணிதான். கார் அனுப்பும் மைத்துனரிடம் “15ஆம் தேதி ரெண்டு மணிக்கு வந்துடுவேன் மச்சான்” என்று சொல்லிவிட்டால், அவர் வரும்வரை விமான நிலைய வாசலில் இரண்டரை மணி நேரம் காத்திருக்க வேண்டியதுதான். ஊரில் இருப்பவர்களிடம் எப்போதும் ஊர் நேரத்தையும் ஊர்த் தேதியையும் சொல்வதே வழி.

ஒரு வாரம் சுருங்கிய கதை

ஒரு காலத்தில் இந்தக் கேள்விகளுக்கே இடமில்லை. 1926ல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம் வழியாகச் சிங்கப்பூர் வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது. 1970களின் தொடக்கத்தில் அதன் இடத்தை ‘சிதம்பரம்’ கப்பல் பிடித்தது. 1985 பிப்ரவரியில் அதில் ஏற்பட்ட தீ விபத்தில் பலர் உயிரிழந்தனர். அத்துடன் அந்தப் பயணிகள் கப்பல் சேவையும் முடிவுக்கு வந்தது.

கப்பல் காலத்தில் தகப்பனார் இறந்த தந்தி வந்தால், உடனே கப்பல் கிடைத்தாலும் மகன் ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். பதினாறாம் நாள் காரியத்துக்கு நிற்க முடிந்தாலே பெரிது. அதனால் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

நான்கு மணி நேர விமானம் வந்தபிறகு நிலைமை மாறியது. இப்போது ஊர் காத்திருக்கிறது. “சிங்கப்பூர்ல இருந்து மூத்தவன் வரணும்” என்று குளிர்பெட்டி வாடகைக்கு எடுக்கிறார்கள். பந்தலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் அவர் சொன்ன நேரத்தை வைத்துத்தான் எடுக்கும் நேரத்தை முடிவு செய்கிறார்கள். “நாலு மணி நேரம்தானே, காலையில் வந்துடுவேன்” என்று வாய் தவறிச் சொன்ன ஒரு வார்த்தை, வெயிலில் நூறு பேரைக் காக்க வைக்கும். அல்லது அவர் வரும் முன்பே காரியத்தை முடிக்க வைக்கும்.

பதில் சொல்வதற்கு முன்

முதலில் பார்க்க வேண்டியது விசா. சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு இந்தியா செல்ல விசா தேவை. ஓசிஐ எனப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை வைத்திருப்போருக்குத் தேவையில்லை. வயதான பெற்றோர் ஊரில் இருந்தால், செல்லுபடியாகும் விசாவை எப்போதும் கையில் வைத்திருப்பதும் கடப்பிதழ் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். அது இல்லாவிட்டால் எந்த விமானத்தின் நேரமும் பயன்படாது.

இரண்டாவது, இறங்கும் விமான நிலையத்திலிருந்து வீடுவரை ஆகும் நேரம். சென்னை, திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் ஒவ்வொன்றிலிருந்தும் எத்தனை மணி நேரம் என்று நிதானமாக இருக்கும் ஒரு நாளில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். கலக்கத்தில் இருப்பவருக்குக் கணக்கு ஓடாது.

மூன்றாவது, கணக்கிடும் முறை. விமானம் புறப்படும் சிங்கப்பூர் நேரத்திலிருந்து இரண்டரை மணி நேரத்தைக் கழித்து, முதலில் அதை ஊர் நேரமாக்க வேண்டும். அதோடு விமானத்துக்கு நாலேகால் மணி நேரம், குடிநுழைவுக்கு ஒரு மணி நேரம், சாலை நேரம் மூன்றையும் கூட்ட வேண்டும். வருவதைவிட ஒரு மணி நேரம் தள்ளிச் சொன்னால், சொன்ன நேரத்துக்கு முன்னால் போய் நிற்கலாம்.

அப்படிக் கணக்குப் போட்டுச் சொல்லும் பதில், “மதியம் ஒரு மணிக்கு வந்துடுவேன். அதுக்கு அப்புறம் எடுக்கலாம்” என்று தெளிவாக இருக்கும். ஊரில் இருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் வேண்டியது அந்த ஒரு வரிதான்.